ஆறு வயதில் முளைக்கும் பல்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பின்னால் உன் மகள் மெலனி ஏதோ பாடிக்கொண்டு ஓடித் திரிந்ததும் கேட்டது. எனக்குத்தான் வாய் வரவில்லை. நீ மறுபடி எடுத்தாய், நான் எடுக்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

மெலனிக்கு ஆறு வயது முடிந்துவிட்டதென்றும், அங்குள்ள பல் வைத்தியர் அவளுடைய கடைவாய்ப் பற்களுக்குமேல் ஏதோ பூசி மூடவேண்டும் என்று சொல்கிறார் என்றும் சொன்னாய். சூத்தை விழாத பல்லுக்கு எதற்கு மருந்து, அம்மாவின் தொழில் அதுதானே, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டாய். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பக்கத்தில் இருந்த உன் மனைவியிடம் திரும்பி, "அப்பாவும் ஒருக்கா என்ரை வாய்க்குள்ளை என்னவோ வைச்சு அடைச்சவர், தெரியுமே? அம்மா செத்த புதிசு. நான் அம்மா வேணுமெண்டு கத்திக்கொண்டே இருந்தனான். அது பொறுக்கேலாமல் வாயை அடைச்சுப்போட்டார். நானும் அவரின்ரை விரலைக் கடிச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சிரித்தாய். பகிடியாகத்தான் சொன்னாய். உன் மனைவி சிரிக்கவில்லை. இத்தனை வருசமாக அந்த நாள் உன் மனதில் இப்படித்தான் கிடந்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நாங்கள் கடற்கரைச் சனங்கள், சத்தமாகக் கதைப்போம். ஆனால் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல வரும்போது வேறு கதைக்குப் போய்விடுவோம். ஆகவே எழுதுகிறேன். அம்மாவைப் பற்றி உன்னிடம் நான் சரியாகச் சொன்னதேயில்லை. அங்கிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும்.

உன் அம்மாவை எமில்டா என்று பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் பல்லு மிஸிதான். கொழும்புப் பக்கம் மகரகமவில் இரண்டு வருசம் படித்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே முல்லைத்தீவுக்கு நியமனம் பெற்று வந்தவர். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த ஒரு சின்ன அறை, அதற்குள் சாய்கிற கதிரை ஒன்று, தையல் மெசினைப்போலக் காலால் மிதித்துப் பல்லைத் துளைக்கிற இயந்திரம் ஒன்று. நான் மீன் கொண்டுபோகிற வழியில் அந்த அறையைத் தாண்டித்தான் போவேன். அப்படித்தான் அவரைக் கண்டேன், பிறகு கோயிலில் கண்டேன், பிறகு பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தொண்ணூறில் சண்டை தொடங்கி ஊரை விட்டு எழும்பியபோது நான் வலைகளை விட்டுவிட்டு வந்தேன். அம்மா கதிரையையும் இயந்திரத்தையும் விட்டுவிட்டு வந்தார். அவர் தூக்கி வந்தது தகரப் பெட்டி ஒன்றைத்தான். கண்ணாடி, ஊசிக் கம்பிகள், பல்லுப் பிடுங்குகிற குறடுகள் அதற்குள் இருந்தன. முள்ளியவளையில் ஒருவருடைய தோட்டத்துக் கொட்டிலில் குடியேறினோம். நீ பிறந்தது அங்கேதான். கடலுக்குப் போக வழியில்லாததால் நான் நந்திக்கடல் உப்பேரியில் இறால் பிடித்தேன். காலையில் வந்து குளித்துவிட்டு, அம்மாவைச் சைக்கிளில் ஏற்றி ஒவ்வொரு பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் விடுவேன்.

இயந்திரம் இல்லாமல் போனபிறகு அவரால் பல்லைத் துளைத்து அடைக்க முடியவில்லை. பிடுங்க மட்டுந்தான் முடிந்தது. அந்த வேலையை அவர் வெறுத்தார். ஒருநாள் பின்னேரம் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தகப்பன் தூக்கி வந்தார். கன்னம் வீங்கிக் கண் சுருங்கியிருந்தது. விறைக்கப்பண்ணுகிற ஊசி அப்போது கையிருப்பில் இல்லை, பொருளாதாரத் தடையில் மருந்துகள் வராமல் நின்றிருந்த காலம். நான் பிள்ளையின் தலையைப் பிடித்தேன், அம்மா பிடுங்கினார். அந்தப் பிள்ளை கத்தியது இன்னும் என் கைக்குள் இருக்கிறது. தகப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பால்பல்லுத்தானே மிஸி, திரும்ப முளைக்கும்" என்றார். அம்மா கையைக் கழுவிக்கொண்டே நின்றார். பிறகு திரும்பாமலே, "இல்லை அண்ணை. இது கடைசிவரைக்கும் இருக்கவேண்டிய பல்லு. இனி இந்த இடத்திலை ஒண்டும் வராது" என்றார்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில்தான் அந்தப் பல்லைப் பற்றி எனக்குச் சொன்னார். ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒன்று முளைக்கும். எதுவும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. தாய் தகப்பன் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். சாகும்வரைக்கும் சாப்பிடவேண்டிய பல் அதுதான். முளைத்து வரும்போது அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளமும் வெடிப்புமாக இருக்கும். "பல்லுத்தீட்டுற பிரசின்ரை தும்பு போகாத பள்ளத்துக்குள்ளையும் தீன் போகும்" என்றார். சீனி கிடைக்காத அந்தக் காலத்தில் பிள்ளைகள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். அது அந்தப் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பல் முளைத்தவுடனே அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால் சூத்தை விழ இடமிருக்காது. வெளிநாடுகளில் நீல வெளிச்சம் பிடித்து இறுக்குகிற பசையால் மூடுகிறார்களாம், அதற்குக் கரண்ட் வேண்டும். எங்களுக்குக் குப்பிவிளக்குக்கே எண்ணெய் இல்லை. "வேறை ஒரு சாமான் இருக்காம். தூளையும் தண்ணி மாதிரி ஒண்டையும் குழைச்சு விரலாலை அமத்திப்பிடிச்சால் தானாய் இறுகுமாம்" என்றார். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவர் அந்தச் சாமானைப் பற்றியே கதைத்தார். வவுனியாவுக்குப் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் தன்னோடு படித்த ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார்.

கடைசியில் அது வவுனியாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று செய்தி கிடைத்தது. உன்னை அயலில் விட்டுவிட்டு இருவரும் போனோம். சின்னப் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் தூள் போத்தல் ஒன்றும் அதைவிடச் சின்னத் திரவப் போத்தல் ஒன்றும் இருந்தன. அம்மா அவற்றைக் கையில் வாங்கியபோது இருந்த முகத்தை எங்கள் கலியாணப் படத்தில்கூட நான் காணவில்லை. திரும்பி வரும்போது தாண்டிக்குளத்துச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய் என்று கொண்டுபோகக்கூடாத சாமான்கள் எத்தனையோ. எங்கள் பையை மேசையில் கொட்டிய சிப்பாய் தூள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், படித்த இடத்தில் பழகியது. அவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிமெந்தி என்ற ஒரு சொல்தான் விளங்கியது. கொண்டுபோகக்கூடாத சீமெந்தின் சிங்களப் பெயர் அது.

"எமில்டா, அந்தச் சொல்லைச் சொல்லாதையும்" என்று மெல்லச் சொன்னேன்.

"அதுதானே இதின்ரை பேர். பல்லுக்குப் போடுற சீமெந்து. பொய் சொல்லச் சொல்லுறியளோ?" என்றார்.

அதிகாரி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஏதோ கேட்டான். அம்மா என் பக்கம் திரும்பி, "இதிலை இருங்கோ. வாயைத் திறவுங்கோ" என்றார்.

"இஞ்சையோ?"

"ஓம், இஞ்சைதான். இவருக்குச் செய்து காட்டட்டாம்."

வரிசையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மண்மூட்டையில் சாய்ந்து வாயைப் பிளந்தேன். பின்னால் நின்ற ஒரு வயதான ஆச்சி, "தம்பிக்குப் பல்லுக்கொதியோ?" என்று பரிதாபமாகக் கேட்டார். அம்மா பஞ்சு உருட்டிக் கன்னத்துக்குள் வைத்தார். இன்னொரு பஞ்சால் என் கடைவாய்ப் பல்லைத் துடைத்து, காயவிட்டு, பிறகும் துடைத்தார். ஒரு துண்டுக் கண்ணாடியில் கொஞ்சத் தூளும் ஒரு சொட்டுத் திரவமும் விட்டுக் கம்பியால் விறுவிறுவென்று குழைத்தார். பல்லில் வைத்து, விரல் நுனியில் வசலீன் தொட்டு அமத்திப் பிடித்தார். புளிப்பாக இருந்தது. பல்லை எப்படித் துடைத்தார், எப்படிக் குழைத்தார் என்பதெல்லாம் நான் வாயைத் திறந்தபடி, அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபடி கற்றுக்கொண்டவை. கையை எடுத்தபிறகு அதிகாரி பேனையின் முனையால் என் பல்லைத் தட்டிப் பார்த்தான். கல்லுப்போல் இருந்தது. அவன் தலையை ஆட்டினான். பிறகு தன் வாயைத் திறந்து ஒரு பக்கத்தை அம்மாவுக்குக் காட்டினான். அதே இடத்தில் அவனுக்குப் பல் இல்லை. ஆனாலும் இரண்டு பெட்டியில் ஒன்றைத்தான் தந்தான். மற்றதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான். அம்மா ஒருமுறை கேட்டார், அவன் இல்லை என்று தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

சைக்கிளில் திரும்பினோம். பாதித் தூரம் வந்தபிறகு அம்மா, "உங்கடை பல்லிலை வைச்சது ரெண்டு பிள்ளையளுக்குப் போதும்" என்றார். "அப்ப, கிளப்பி எடுக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுக்கம் முதுகில் தெரிந்தது. மகன், நீ கலியாணம் கட்டியபோது உனக்கு நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. இப்போது ஒன்று சொல்கிறேன். உன் மனைவி அப்படிச் சிரிக்கிற நேரங்களை அலட்சியமாகக் கடந்து போகாதே. பிற்காலத்தில் உன்னிடம் மிஞ்சுவது அவைதான்.

அந்த வருசம் முழுக்க அம்மா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். மரநிழலில் இடம்பெயர்ந்தோர் நடத்திய பள்ளிகளுக்கும் போனார். பிள்ளையின் வாயைத் திறந்து, அந்தப் பல் முழுதாக வெளியே வந்திருந்தால், இன்னும் சூத்தை விழாமல் இருந்தால் மட்டும் வைத்தார். முத்தையன்கட்டில் சுகந்தி என்று ஒரு பிள்ளை. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து வயல் கொத்திக் குடியேறிய குடும்பம். தகப்பன் வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து வாசலில் நின்றார். "மிஸி, குறை நினையாதையுங்கோ. நோகாத பல்லுக்கு ஏன் மருந்து? எங்களுக்கு நொந்த பல்லுக்கே மருந்தில்லை" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன், தகப்பனின் கேள்வியில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை. அம்மா, "அதாலைதான் அண்ணை கேக்கிறன். நொந்து வந்தால் என்னட்டைக் குறடு மட்டும்தான் இருக்கு" என்றார். தகப்பன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். நீ என்னிடம் கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்விதான். அம்மாவின் பதிலும் அதேதான். உங்கள் ஊரில் குறட்டைத் தவிர எத்தனையோ வசதிகள் இருக்கலாம். இருந்தாலும் பிள்ளையின் பல் அவளுடைய பல்லாகவே இருந்துவிடுவதற்கு ஈடில்லை.

உனக்கு அப்போது அந்தப் பல் வரவில்லை. விடிய முகம் கழுவியவுடன் அம்மா உன்னை மடியில் சாய்த்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலத்தி, சூரியன் பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். நீ கூச்சத்தில் நெளிவாய். "பல்லு முரசுக்குள்ளை வெள்ளை தெரியுது" என்பார். அடுத்த கிழமை, "முனை வந்திட்டுது" என்பார். பாதி வந்த பல்லில் வைத்தால் ஈறின் ஈரம் ஊறிவந்து கழன்றுவிடுமாம், முழுக்க வரவேண்டுமாம். தூள் குறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள் அவர் போத்தலின் அடியில் இருந்ததைக் காட்டி, "இது மகன்ரை. இதிலை இனிக் கைவைக்க மாட்டன்" என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்துவிட்டுத் தன் பிள்ளைக்கு ஒதுக்கிய பங்கு அவ்வளவுதான். போத்தல்கள் இரண்டையும் இறுக மூடி, ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் அரிசி போட்டு அதற்குள் புதைத்து வைத்தார்.

மாரி தொடங்கியது. வெள்ளத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்வந்த நாள்களில் ஒன்றில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் பிடித்தது. அந்த நேரம் வன்னியில் மலேரியா பிடிக்காத வீடு இல்லை. முதலில் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. குளிசை எடுத்தார், விட்டது, மறுபடி வந்தது. பிறகு தொடர்பில்லாமல் மாறாட்டமாகக் கதைக்கத் தொடங்கினார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. இருந்ததை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டொக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு காலைநேரம் அம்மா கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வெளியிலை வந்திட்டுதே?" என்று கேட்டார். வெயில் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்தேன். பிறகுதான் விளங்கியது.

"கீழ்ப்பக்கம் ஒண்டு நல்லா வந்திட்டுது. மற்றது பாதிதான்" என்றேன்.

"முழுக்க வரட்டும். அந்தரப்படாதையுங்கோ" என்றார். பிறகு, "நல்லாக் காய விடுங்கோ" என்றார். அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த சொற்கள் யாரோடு கதைத்தவை என்று எனக்குத் தெரியாது. உன்னை அங்கே கூட்டிப்போகவில்லை. பாதை வெள்ளத்தில் இருந்தது, ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் காய்ச்சல்காரர். நீ அம்மாவைச் சவப்பெட்டிக்குள்தான் பார்த்தாய்.

அடக்கம் முடிந்து கொஞ்சநாள் நீ அழவேயில்லை. விளையாடினாய், சாப்பிட்டாய். எல்லோரும் சின்னப்பிள்ளை, விளங்கவில்லை என்றார்கள். பிறகு ஒருநாள் தொடங்கியது. அம்மா எங்கே, அம்மா எப்ப வருவா என்று விடிந்ததிலிருந்து அழுவாய். நான் இறாலுக்குப் போவதை விட்டேன். சோறு பொங்கத் தெரியாமல் பொங்கினேன். அதற்கிடையில் மறுபடி எழும்பவேண்டி வரும் என்று ஒரு கதை பரவியது. சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. ரின்னைத் திறந்து பார்த்தேன். தூள் அப்படியே இருந்தது. திரவம் மரப்பசைபோலத் தடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சநாள் போனால் எதற்கும் உதவாது. இடம்பெயர்ந்து போகிற வழியில் போத்தல் உடைந்தாலும் முடிந்தது. வேறு பல்லு மிஸி எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. உன் கீழ்ப்பல் முழுதாக வந்திருந்தது. இண்டைக்கு இல்லாவிட்டால் இல்லை என்று நினைத்தேன்.

கைகளைத் தேசிக்காயும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தேன், இறாலுக்குப் போவதை விட்டும் அந்த மணம் போகவில்லை. நண்பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு உன்னை இருத்தினேன். அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீ அந்தப் பெட்டியைக் கண்டதும் எழும்பி நின்றாய். முகமெல்லாம் மலர்ந்து, "அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டாய்.

மகன், அந்த நேரம் உனக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லத் தொடங்கினால் நானும் அழுதுவிடுவேன், கை நடுங்கினால் வேலை நடக்காது என்பது மட்டும் தெரிந்தது. "சத்தம் போடாமல் வாயைத் திற" என்றேன். அதைத்தான் நீ இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாய். நீ அம்மா அம்மா என்று கத்தத் தொடங்கினாய். கத்துகிற வாய் திறந்துதானே இருக்கும், அதற்குள்ளேயே பஞ்சை வைத்தேன். துடைத்தேன், உடனே எச்சில் ஊறியது. மறுபடி துடைத்தேன், கண்ணீரும் மூக்குநீருமாக வழிந்து வந்தது. ஏற்கெனவே குழைத்துவிட்டேன், அது கம்பியில் இறுகிக்கொண்டு வந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு வைத்து அமத்தினேன். நீ கடித்தாய். உன் முழுப் பலத்தோடும் கடித்தாய். நான் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அது கழன்றுவிடும், வேறு தூள் இல்லை. மாதாவின் அருள்நிறைந்த மந்திரத்தை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். இரத்தம் உன் உதட்டால் வடிந்தது, அது என் இரத்தம். அன்று நான் அடைத்தது உன் அழுகையை அல்ல, ராசா. அம்மா உனக்கென்று வைத்துவிட்டுப் போனதை உன்னிடம் சேர்க்கப் பார்த்தேன்.

நான் பல்லில் வைத்தது நிற்கவும் இல்லை. சில கிழமைகளுக்குப் பிறகு நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து என்னிடம் நீட்டினாய். "அப்பா, சோத்துக்குள்ளை கல்லு" என்றாய். உன் உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் துணுக்கு இருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். "ஓம், கல்லுத்தான்" என்று சொல்லி எறிந்துவிட்டு, உன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பிட முடியவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தவை உனக்கு ஓரளவு தெரியும். உன்னைத் தனியே வளர்க்க என்னால் முடியவில்லை. பெரியம்மா வவுனியாவில் இருந்தார், அங்கே பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தது. அவரிடம் உன்னை விட்டேன். எல்லை கடக்கப் பாஸ் எடுத்து உன்னைப் பார்க்க வந்த ஒரு தடவை நீ வாசலில் நின்று சிரித்தாய். கீழே ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது. "பல்லுக் கொதிச்சு இரவிரவாய் அழுதவன், பிடுங்கவேண்டியதாப்போச்சு. பால்பல்லுத்தானே, முளைக்கும்" என்று பெரியம்மா சொன்னார். அது பால்பல் இல்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல? உன்னைத் தன் பிள்ளையாகப் பார்த்தவர்.

இதையெல்லாம் உனக்கு எழுதவேண்டும் என்று நான் முன்னரே நினைத்திருக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் எனக்கு முற்றத்தில் நீ எழும்பி நின்ற முகம்தான் முன்னுக்கு வந்தது, அதற்கப்பால் போக முடிந்ததில்லை. ஆனால் போன வருசம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவேண்டும். முள்ளியவளைச் சந்தையில் ஒரு பெண் என்னை மறித்து, "நீங்கள் பல்லு மிஸியின்ரை அவர் எல்லோ?" என்று கேட்டாள். சுகந்தி. இப்போது சின்னப்பிள்ளைகளின் பள்ளி ஒன்று நடத்துகிறாள். சண்டையில் நடந்த எல்லாவற்றுக்குள்ளாலும் தப்பி வந்திருக்கிறாள், தகப்பன் வரவில்லை. மிஸி வைத்தது தேய்ந்து போய்விட்டதாம், பல் இருக்கிறதாம். அவளிடம் நான் கேட்டேன், மிஸி வைக்கும்போது நீங்கள் அழவில்லையா என்று. அதை வைக்கிற நாள்களில் நான் எப்போதும் வாசலில் சைக்கிளோடுதான் நிற்பேன், உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"அழாமல் என்ன? நான் நல்லா அழுதனான்" என்றாள். "அழுதால் மிஸி பல்லைத் தொடவே மாட்டா. கொஞ்சத்தைக் குழைச்சு எங்கடை பெருவிரல் நகத்திலை வைச்சுவிடுவா. அது இறுகினவுடனே மேசையிலை தட்டிப் பார்க்கச் சொல்லுவா. டொக்கு டொக்கெண்டு கேக்கும். இதைத்தான் உன்ரை பல்லுக்குப் போடப்போறன், எந்தப் பல்லுக்கு முதல் வைப்பம் எண்டு கேப்பா. அப்பவும் அழுதால், சரி, இண்டைக்கு வேண்டாம், போய் விளையாடு, நாளைக்கு வாறன் எண்டிடுவா. எனக்காக ரெண்டு மூண்டு தரம் வந்தவ."

முத்தையன்கட்டுக்கு நேற்றும் போனோம், இன்றைக்கும் ஏன் என்று நான் புறுபுறுத்தபடி சைக்கிள் உழக்கிய நாள்கள் ஞாபகம் வந்தன. அம்மா ஒருமுறைகூடக் காரணம் சொன்னதில்லை. குழைப்பதையும் துடைப்பதையும் அமத்துவதையும் நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவருடைய தொழிலில் பாதி, வாயைத் திறப்பதற்கு முன்னமே முடிந்துவிடுகிறது என்பதை அறிய எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. பயந்து அழுகிற பிள்ளையின் வாயில் எச்சில் ஊறுவது நிற்காது, ஈரத்தில் எதுவும் ஒட்டாது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான். மெலனிக்கு அதைச் செய்துவிடு. நோகும்வரை காத்திருக்காதே. போகும்போது நீயே கூட்டிக்கொண்டு போ, வேலை இருக்கிறது என்று சொல்லாதே. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை வழியிலேயே அவளுக்குச் சொல்லு. பூசப்போகிற சாமானை அவளுடைய கையில் தொட்டுப் பார்க்கக் கொடுக்கச் சொல்லிக் கேள், கேட்க வெட்கப்படாதே. அவள் எதைக் கேட்டாலும், உனக்குப் பதில் தெரியாவிட்டாலும், வாயைத் திற என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் பயந்து அழத் தொடங்கினால் வைத்தியரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. இன்னொரு நாள் போகலாம். உங்களுக்கு இன்னொரு நாள் இருக்கிறது, மகன்.

அப்பா